ஒளிநாடாக்களும் இல்லக் காப்பகமும்

முன்னுரை

ஏட்டுச் சுவடிகளைப் பற்றிப் பேசாத தமிழ்த்துறை இல்லை. ஓலைக்கு ஆயுள் உண்டு. அது மடிவதற்கு முன் ஒருவர் படியெடுத்தால் நூல் வாழும், எடுக்காவிடில் மறையும் என்பதை வகுப்பறையில் ஆண்டுதோறும் எடுத்துரைத்து வருகிறோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஏடுகளில் படியெடுத்துப் பேணப்பட்டிருந்தமையால்தான், செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர் அவர்களால் அதனைத் தொகுத்து 1842இல் அச்சேற்ற முடிந்தது. படியெடுக்கப்படாத நூல்கள் எத்தனையோ இன்று பெயரளவில் மட்டுமே எஞ்சியுள்ளன.

இதே நிலை நம் இல்லங்களிலும் கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருக்கிறது. பீரோவின் மேல்தட்டில், பழைய துணியில் பொதிந்து வைக்கப்பட்டிருக்கும் வீடியோ கேசட்டுகளையே குறிப்பிடுகிறேன். அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, குறைந்த செலவில் வீட்டிலேயே அமைக்கத்தக்க சேமிப்புக் கணினி ஒன்றில் பாதுகாக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலத்தில் சர்வர் என வழங்கும் இக்கணினி ஏதோ பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அலுவலகம் கழித்துப்போட்ட மேசைக் கணினி ஒன்றும் புதிய வன்தட்டுகள் சிலவும் இருந்தால் அது இல்லத்திற்கும் உரியதாகிவிடும். தமிழ் கற்பிப்போருக்கு இதில் என்ன அக்கறை என வினவுவோர்க்கு விடை அடுத்த பகுதியிலேயே கிடைக்கும்.

நாடாவில் இருப்பது என்ன?

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையை 1976இல் அறிமுகம் செய்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது தமிழகத்தின் கடற்கரை ஊர்கள்வரை வந்து சேர்ந்தது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் விடுமுறையில் திரும்புகையில் கொணர்ந்த பொருள்களுள் 'டெக்' தலையாயது. துபாயிலோ தம்மாமிலோ இருந்து தங்கையின் நிக்காஹுக்கு வர இயலாத அண்ணனுக்கு அத்திருமணத்தை நாடாவில் பதிந்து, பயணம் செல்வோர் கையில் கொடுத்தனுப்புவது வழக்கமாயிற்று. ஆகவே 1980களிலும் 1990களிலும் பதிவான நாடாக்கள் பல, கேளிக்கைக்கு என்று எடுக்கப்பட்டவை அல்ல. பிரிவை ஆற்றுதற்கென எடுக்கப்பட்டவை.

அந்நாடாக்களில் மணமேடையைவிட மதிப்புடையவை ஓரத்தில் நிகழ்பவையே என்பது என் கருத்து. சமையற்கட்டில் பெரிய சட்டியருகே நின்று ஒருத்தி மற்றொருத்தியை ஏவும் குரல், ஸஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்கையில் எழும் கேலி, கொல்லைப்புறத்தில் மூதாட்டி ஒருவர் பேரனை அதட்டும் சொல் ஆகியவை எழுதிவைத்துப் பேசியவை அல்ல. தந்தையை வாப்பா என அழைக்கும் ஊரும் அத்தா என அழைக்கும் ஊரும் நம்மிடையே உள்ளன. ஊருக்கு ஊர் மாறும் இவ்வழக்குகளை மொழியியலார் களப்பணி செய்து திரட்ட முயல்கின்றனர்; ஆயினும் வீட்டினுள்ளே பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு வெளியார் ஒருவரின் ஒலிப்பதிவுக் கருவிக்கு முன் அப்படியே வந்துவிடுவதில்லை. அது இயல்பாகப் பதிவாகியுள்ள இடம் இக்குடும்ப நாடாக்களே. பேசியவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்தம் நிழற்படம் சுவரில் இருக்கலாம். குரல் இருப்பது அந்நாடாவில் மட்டுமே.

நாடாவின் நலிவு

வி.எச்.எஸ். பேழைக்குள் இருப்பது 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா. மூன்று மணி நேரப் பேழையில் ஏறத்தாழ 250 மீட்டர் நீளம் சுற்றப்பட்டிருக்கும். அதன்மீது பூசப்பட்ட காந்தத் துகள்களே காட்சியையும் ஒலியையும் தாங்குகின்றன. அத்துகள்களை நாடாவோடு ஒட்டவைக்கும் பசைப்பொருள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் சிதைகிறது. சிதைந்த நாடாவை ஓடவிட்டால் பூச்சு பிசுபிசுத்துக் கருவியின் தலையில் ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சணமும் எளிதில் பற்றும். பேழையின் கண்ணாடிச் சாளரம் வழியே நோக்குகையில் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பொடி படிந்தாற்போல் தெரிந்தால் அது பூஞ்சணமாக இருக்கக்கூடும். அத்தகைய பேழையை ஒருபோதும் அப்படியே டெக்கில் இடலாகாது. இட்டால் அந்நாடா அறுவதோடு, பூஞ்சணம் கருவியில் தங்கி, பின்னர் இடப்படும் நல்ல நாடாக்களுக்கும் தொற்றும். முதலில் அதனைத் தனியே உலர்த்தி, தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

நாடாவைவிட விரைந்து அருகி வருவது அதனை இயக்கும் கருவி. வி.எச்.எஸ். கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே இது குறித்து எச்சரித்து, 2025ஆம் ஆண்டைக் கெடுவாகக் குறித்தது. யுனெஸ்கோவின் திட்டம் ஒன்றும் 2019இல் இதே எச்சரிக்கையை உலகெங்கும் எழுப்பியது. அக்கெடு வந்தே விட்டது. இன்று நல்ல நிலையில் ஒரு டெக் வேண்டுமெனில் பழைய பொருள் விற்போரிடமும், இன்னும் கைவேலை மறவாத மெக்கானிக்குகளிடமும் தேட வேண்டியுள்ளது. நாடா கெடாதிருந்தும் ஓட்டக் கருவியில்லாமல் ஊமையாகிவிடும் நாள் தொலைவில் இல்லை.

'எங்கள் நாடாவை அப்போதே சி.டி.யில் மாற்றிவிட்டோம்' என்று அமைதி கொள்ளும் இல்லங்கள் உண்டு. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும்பாலும் மாற்றப்பட்டவை வீடியோ சி.டி.க்கள். அவற்றில் காட்சியின் அளவு 352க்கு 288 புள்ளிகள் மட்டுமே. நாடாவிலுள்ள காட்சியை முழுமையாக எடுக்க 720க்கு 576 புள்ளிகள் கொள்வதே முறை. மேலும், வீட்டிலும் கடையிலும் பதிந்த தட்டுகளில் தகவலைத் தாங்கும் சாயப்பூச்சும் காலப்போக்கில் வெளிறக்கூடியது. எனவே மூல நாடா கைவசம் இருக்குமாயின் மீண்டும் ஒருமுறை மாற்றுதலே தக்கது.

மூலப்படியும் பார்வைப்படியும்

சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு ஒரு செய்தி எளிதில் விளங்கும். ஒரே திருமணத்திற்கு நான்கு வீடுகளில் நான்கு நாடாக்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்றே ஒளிப்பதிவாளர் தந்த முதற்படி. ஏனையவை அதிலிருந்து இரு டெக்குகளை இணைத்து எடுக்கப்பட்ட படிகள். நாடாவிலிருந்து நாடாவுக்கு எடுக்கும் ஒவ்வொரு முறையும் வண்ணம் வழியும், கோடுகள் நெளியும், இரைச்சல் மிகும். ஏடெழுதுவோர் பிழைபோல இதுவும் படிக்குப் படி பெருகுவது. ஆகவே கையில் கிடைத்ததை உடனே மாற்றத் தொடங்காமல், உறவினர் இல்லங்களில் கேட்டு முதற்படியைத் தேடுதல் முதற்கடமை. முதற்படி சிதைந்திருந்தால் அன்று வளைகுடாவுக்கு அனுப்பிய படி அங்கே ஒரு பெட்டிக்குள் நலமாக இருக்கவும் கூடும்.

மாற்றுவதற்கு முன் பேழையின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாவல் உடைக்கப்பட்டுள்ளதா எனக் காண்க. இல்லையெனில் உடைத்துவிடுக. அது இருக்கும்வரை நாடாவின்மீது மறுபதிவு நிகழ வழியுண்டு. தமக்கையின் திருமணத்தின்மீது கிரிக்கெட் போட்டியைப் பதிந்துவிட்ட கதை பல வீடுகளில் உண்டு. பின்னர் நாடாவை ஒருமுறை இறுதிவரை ஓட்டி, மீண்டும் தொடக்கத்திற்குச் சுற்றினால் நெடுநாள் இறுகிக் கிடந்த சுருள் சீராகும். டெக்கின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான தோல்துண்டால் துடைக்க வேண்டும். பஞ்சு ஆகாது, அதன் இழை தலையிடுக்கில் சிக்கிக்கொள்ளும்.

டெக்கின் மஞ்சள் நிறத் துளையிலிருந்து காட்சியும், வெள்ளை, சிவப்புத் துளைகளிலிருந்து ஒலியும் வெளிவரும். இவற்றை யு.எஸ்.பி. வழியே கணினிக்குள் செலுத்தும் சிறு கருவி சந்தையில் கிடைக்கிறது. கணினியில் ஓ.பி.எஸ். ஸ்டுடியோ, வர்ச்சுவல்டப் போன்ற இலவச மென்பொருள்களுள் ஒன்று அதனைக் கோப்பாக்கும். இங்கே விரைவுக்கு இடமில்லை. இரண்டு மணி நேர நாடா கணினிக்குள் செல்ல இரண்டு மணி நேரம் ஆகும். முப்பது நாடா உள்ள வீட்டில் இரவுக்கு ஒன்றாக ஒரு மாதப் பணி.

எடுக்கும் கோப்பு இருவகைப்பட வேண்டும். முதலாவது மூலப்படி, நாடாவில் வந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், இழப்பின்றிச் சுருக்கி வைப்பது. எஃப்.எஃப்.வி.1 என்னும் முறை இதற்கென்றே காப்பகத்தார் பலரும் கையாள்வது. அதன் இலக்கணம் 2021இல் பொது ஆவணமாகவும் வெளியிடப்பட்டது. இரண்டாவது பார்வைப்படி, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் எளிதில் ஓடுமாறு எச்.264 முறையில் சிறிதாக்கியது. நம் நாட்டு பால் முறையில் நொடிக்கு 25 படங்கள் என்பர். உண்மையில் ஒவ்வொரு படமும் இரு பாதிகளாகப் பிரிந்து, நொடிக்கு 50 பாதிகளாகப் பதிவாகியுள்ளது. கடைகளில் மாற்றித் தரும் கோப்புகள் சிலவற்றில் கையசைவும் நடையும் வெட்டி வெட்டித் தோன்றுவதற்குக் காரணம், இப்பாதிகளுள் ஒன்றைக் கழித்துவிடுவதே. மூலப்படியில் பாதிகளை அவ்வாறே விட்டு, பார்வைப்படியை மட்டும் நொடிக்கு 50 முழுப்படங்களாக ஆக்கிக்கொள்ள வேண்டும். வண்ணத்தைத் திருத்துவதும், நீண்டதை வெட்டுவதும், பாட்டுச் சேர்ப்பதும் பார்வைப்படியோடு நிற்க வேண்டும். மூலத்தில் கைவைத்துத் திருத்தும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை அன்றோ?

இனி இடக் கணக்கு. முப்பது நாடா, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் எனக் கொண்டால் 60 மணி நேரம். சுருக்காமல் வைத்தால் மணிக்கு 75 ஜிகாபைட் ஆகும். இழப்பின்றிச் சுருக்கினால் 30 ஜிகாபைட்டை ஒட்டி வரும். ஆக மூலப்படிகளுக்கு ஏறத்தாழ 1,800 ஜிகாபைட். பார்வைப்படி நொடிக்கு 5 மெகாபிட் வீதம் மணிக்கு இரண்டேகால் ஜிகாபைட். அறுபது மணிக்கு 135. இரண்டும் சேர்ந்தும் 2 டெராபைட்டுக்குள் அடங்கும். எனவே 4 டெராபைட் வன்தட்டு ஒன்று வாங்கினால் பாதி இடம் மிஞ்சும். பின்னாளில் கைப்பேசிப் படங்களுக்கும் ஆகும். அத்தட்டைக் கணினி 3.6 எனக் காட்டக்கூடும். அது கடைக்காரர் குற்றமன்று. தயாரிப்போர் ஆயிரமாகவும் கணினி 1,024 ஆகவும் எண்ணுவதால் விளையும் வேறுபாடு.

சேமிப்புக் கணினி அமைத்தல்

பழைய கணினி வாங்கலாம். பழைய வன்தட்டு வாங்கலாகாது. செலவைத் திட்டமிடுகையில் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும். கோப்புகளைக் காத்துக் கேட்போர்க்கு வழங்கும் பணிக்குப் பெரிய செயலி வேண்டுவதில்லை. பத்தாண்டுக்கு முற்பட்ட அலுவலக மேசைக் கணினி, 64 பிட் செயலியும் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் உடையதாயின் தாராளம். வாங்கும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்றரை அங்குல வன்தட்டுகள் இரண்டை இருத்த இடமும், அவற்றுக்குரிய சாட்டா இணைப்புகளும், மின் இணைப்புகளும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். மெலிந்த உருவுடைய அலுவலகக் கணினிகள் அழகாயிருக்கும். ஆனால் பலவற்றுள் ஒரு தட்டுக்கே இடமிருக்கும். மின்வழங்கிப் பெட்டி மட்டும் ஐயத்துக்குரியதாயின் புதிதாக மாற்றிவிடுதல் நன்று. அது பழுதுற்றால் தட்டுகளையும் உடன் கொண்டுபோகும்.

இயங்குதளத்துக்கெனச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைத் தனியே பொருத்தி, குடும்பக் கோப்புகளுக்குரிய இரு பெருந்தட்டுகளை அதிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். இயங்குதளம் கெட்டாலும் கோப்புகள் தீண்டப்படாமல் இருக்க இது வழி. மென்பொருளுக்குச் செலவே இல்லை. 1993இல் தொடங்கிய டெபியன் லினக்ஸும், அதன்மீது எழுப்பப்பட்ட ஓப்பன்மீடியாவால்ட்டும் இலவசம். பின்னதை நிறுவிவிட்டால் திரை, தட்டச்சுப்பலகை எதுவுமின்றி வீட்டிலுள்ள மற்றொரு கணினியின் உலாவி வழியாகவே அனைத்தையும் ஆளலாம். விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரச் சாம்பா என்னும் மென்பொருள் அதிலேயே உண்டு. ஜெல்லிஃபின் என்னும் மற்றொன்றைச் சேர்த்தால், தொலைக்காட்சித் திரையில் திருமணங்கள் பெயரோடும் ஆண்டோடும் வரிசையாகத் தோன்றும்; ரிமோட்டைத் தொட்டு விரும்பியதைக் காணலாம். கணினி அறியாத முதியோருக்கு இதுவே வாயில்.

கணினியை வீட்டு ரூட்டரோடு கம்பி வழியே இணைக்க வேண்டும்; கம்பியில்லா இணைப்பில் மூலப்படிகளை ஏற்றினால் பொழுது விடிந்துவிடும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் வெப்பம் தேங்கும். தரையில் வைத்தால் தூசும் வெள்ளமும். இடுப்பளவு உயரமுள்ள திறந்த பலகையே தக்க இடம். மின்வெட்டும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் உள்ள நம் ஊர்களில் யூ.பி.எஸ். இன்றியமையாதது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கெடுவது அந்தக் கோப்பு மட்டுமன்று.

மின்கட்டணத்தை அஞ்சுவோர்க்கு ஒரு கணக்கு. இத்தகைய கணினி சும்மா இருக்கையில் 40 வாட் இழுப்பதாகக் கொண்டால், இராப்பகலாக ஓடினால் இரு மாதத்துக்கு 58 யூனிட் ஆகும். ஆனால் குடும்பக் காப்பகம் இராப்பகலாக ஓட வேண்டிய தேவை என்ன? மாலையில் மூன்று மணி நேரம் மட்டும் இயக்கினால் ஏழு யூனிட்டோடு முடியும். கணினிப் பெட்டியே வேண்டாம் என்போர் ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவுக் கணினியில் யு.எஸ்.பி. தட்டை இணைத்தும் இப்பணியைச் செய்யலாம். மின்செலவு மிகக் குறையும்; இணைப்புகள் மட்டும் அவ்வளவு உறுதியாக இரா.

இரு தட்டும் வேற்றூர்த் தட்டும்

வன்தட்டும் ஓலையைப் போன்றதே. அதற்கும் ஆயுள் உண்டு. இன்று வாங்கிய தட்டு நாளையே நிற்கலாம். பத்தாண்டு ஓடவும் செய்யலாம். முன்னறிந்து சொல்வார் இல்லை. எனவே இரண்டு தட்டுகள். அவ்விரண்டையும் ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுதியில் வாங்காதிருத்தல் நலம். உடன்பிறந்தவை உடன் நோயுறக்கூடும்.

இரு தட்டுகளையும் ஆடியும் பிம்பமும் போல இணைத்து, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அக்கணமே எழுதப்படுமாறு செய்யும் ரெய்டு முறையைக் கணினி அறிந்தோர் பலரும் பரிந்துரைப்பர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர் மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையால் அப்பெயர் பரவிற்று. வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அது உயிர்நாடி. குடும்பக் காப்பகத்துக்கு அதனை நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் எளிது: பேரக்குழந்தை ஒரு கோப்பை அழித்துவிட்டால், ஆடியிலும் அது அக்கணமே அழியும். தட்டு பழுதானாலும் பணி தடைபடாமல் நடப்பதே ரெய்டின் நோக்கம். நம் வீட்டில் அத்தகைய அவசரம் ஏதுமில்லை. மாறாக, வாரம் ஒருமுறை முதல் தட்டில் புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் இரண்டாம் தட்டுக்குப் படியெடுக்குமாறு அமைத்தால், தவறு நேர்ந்ததை அறிந்து மீட்க ஒரு வாரம் கையில் இருக்கும். முதல் தட்டில் அழிந்ததை இரண்டாவதிலும் அழிக்குமாறு கட்டளையிடாமல் விட்டால் அக்கெடுவும் இல்லை. ஆர்சிங்க் என்னும் இலவச மென்பொருள் 1996 முதல் இப்பணியைச் செய்துவருகிறது.

இவை இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருப்பவை என்பதை மறக்கலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை அத்தோடு முடிந்தன. நம் மாநிலத்தில் தீயைவிட நீரே பெரும்பகை. 2015 டிசம்பரில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் தரைத்தளம் முழுவதும் மூழ்கியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அலமாரி அடித்தட்டுகளில் இருந்த எத்தனை ஆல்பங்களும் நாடாக்களும் ஊறிப்போயிருக்கும் என்பதை அவ்வூரார் அறிவர். எனவே மூன்றாவது படி ஒன்றை யு.எஸ்.பி. தட்டில் எடுத்து, வேற்றூரில் வாழும் மகன் வீட்டிலோ சகோதரி வீட்டிலோ வைத்தல் கட்டாயம். மூன்று படிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வெளியிடத்தில் என்னும் இவ்விதியை அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் 2005இல் எழுதிய நூலில் எடுத்துரைத்தார். பெருநாளைக்கு ஊர் வரும்போது அத்தட்டையும் எடுத்துவந்து புதியவற்றை ஏற்றிக்கொண்டு போகலாம்.

படிகள் இருந்தால் மட்டும் போதாது. அவை பிழையின்றி உள்ளனவா என்பதும் தெரிய வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்னும் முறையில் 64 எழுத்து நீளமுள்ள சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்கிட்டுப் பட்டியலிட்டு வைக்கலாம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று தட்டுகளிலும் மீண்டும் கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால், எந்தப் படியில் பாடபேதம் நுழைந்துள்ளது என்பது உடனே புலப்படும்; நல்ல படியிலிருந்து அதனை மாற்றிக்கொள்ளலாம். ஏட்டுச் சுவடியில் ஆயுள் முழுதும் ஒப்பிட்டு அலைந்த அறிஞர்க்கு இப்படியொரு கருவி வாய்க்கவில்லை.

மாற்றி முடித்த நாடாக்களை எறிந்துவிடலாகாது. நிமிர்த்து நிறுத்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

காண்போர் யார்?

இத்தனை தொல்லை எதற்கு, யூடியூபில் ஏற்றிவிட்டால் ஆயிற்றே என்று மாணவர் கேட்கக்கூடும். அதற்கான விடையே இல்லக் காப்பகத்தின் உயிர்நிலை. நம் திருமண நாடாக்களுள் பெண்கள் பகுதியில் எடுக்கப்பட்டவை பல. அன்று அந்நாடா எவர் கைக்குச் செல்லலாம் என்பதற்கு எழுதா விதி ஒன்று இருந்தது. பீரோச் சாவி வைத்திருந்தவரே காவலர். வீட்டாருக்கென முகங்காட்டிய பெண்மணியரின் படத்தை முப்பது ஆண்டு கழித்து, அவரோ அவர்தம் மக்களோ அறியாமல், ஊரறிய விரித்து வைப்பது முறையாகுமா? மறைந்துவிட்ட ஒருவர் தம் இசைவைத் தெரிவிக்க இயலாதவர் என்பதால் நமக்குப் பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. இணைய நிறுவனங்களின் வாடகைச் சேமிப்பு ஓரளவு மறைவானதே. எனினும் மாதந்தோறும் பணம் கட்ட மறந்தால் நிலைக்காது. நாடாவை மாற்றக் கடைக்குக் கொடுக்க நேர்ந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். உடனிருந்து மாற்றி, அவர்கள் கணினியில் தங்கிய கோப்பை நீக்கச் செய்து வருவது நல்லது.

இல்லக் கணினியில் இப்பிரச்சினைக்குத் தெளிவான தீர்வு உண்டு. குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, பொது நிகழ்ச்சிகளை அனைவரும், பெண்கள் பகுதியைப் பெண்கள் மட்டும், குறிப்பிட்ட ஒரு வீட்டாரின் நாடாவை அவ்வீட்டார் மட்டும் காணுமாறு தனித்தனி உறைகளாகப் பிரிக்கலாம். பார்வையாளருக்குக் காணும் உரிமை மட்டும் போதும். அழிக்கும் உரிமை ஒருவர் அல்லது இருவரிடம் இருக்கட்டும். இக்கணினியை இணையத்துக்கு நேரே திறந்துவிடுதல் கூடாது. வாசற்கதவைத் திறந்துவைத்து உறங்குவதை ஒக்கும். அயல்நாட்டு உறவினர்க்குப் பார்வைப்படிகளை ஒரு பென் டிரைவில் இட்டு, பயணம் செல்வோர் வழி அனுப்பலாம். அன்று கேசட் சென்ற வழிதான்.

கடவுச்சொல்லைக் குறித்து ஒரு சொல். காவல் மிகுதியாகித் தட்டு முழுவதையும் மறைகுறியாக்கிவிட்டு, அச்சொல்லை ஒருவர் மட்டும் நெஞ்சில் வைத்திருந்தால், அவர் மறைந்த நாளே காப்பகமும் மறைந்ததாகும். அதனைத் தாளில் எழுதி உறையிலிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். வஸிய்யத் எழுதும் வழக்கமுள்ள இல்லங்களில் அதிலும் இவ்வுறையைக் குறிப்பிடலாம்.

பெயரும் குறிப்பும்

கணினிக்கான செலவு சில நாளில் மறந்துபோகும். உழைப்பு முழுவதும் தேவைப்படும் இடம் இதுவே. 'வீடியோ 7', 'கல்யாணம் புதுசு' என்று பெயரிட்ட கோப்பு முப்பது ஆண்டுக்குப்பின் வருவோர்க்கு அறிமுகமற்ற மனிதர் கூட்டம். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் தொடங்கினால் கணினி தானே காலமுறைப்படி அடுக்கிக்கொள்ளும். அதன்பின் ஊர், நிகழ்ச்சி, பேழையின் எண். '1991-05-12 மேலப்பாளையம் நிக்காஹ் பேழை 04' என்பது போல அமைக்கலாம். தமிழிலேயே பெயரிடலாம், இன்றைய இயங்குதளங்கள் யூனிகோடு எழுத்துகளை ஏற்கின்றன. நாள் தெரியாவிடில் திருமண அழைப்பிதழையோ பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டையோ பார்த்துக் குறிக்கலாம். பேழையின் ஒட்டுச்சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே படமெடுத்துக் கோப்போடு சேர்ப்பதும் பயன்தரும். அது எழுதியவர் கையெழுத்து.

ஒவ்வொரு கோப்புக்கும் துணையாக எளிய உரைக்கோப்பு ஒன்று வேண்டும். எத்தனையாவது நிமிடத்தில் யார் தோன்றுகிறார், அவர் யாருக்கு என்ன முறை, எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார், பேசும் வழக்குச்சொல்லின் பொருள் என்ன என்பவற்றை அதில் எழுத வேண்டும். இவற்றை எந்த மென்பொருளும் கண்டறிந்து சொல்லாது. குடும்பத்தின் மூத்தவர் அருகே அமர்ந்து, பார்வைப்படியைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, முகம் வரும்போதெல்லாம் நிறுத்திக் கேட்டு எழுதுவதே வழி. ஒரே அமர்வில் முழு நாடாவையும் பார்க்க முயல வேண்டாம். அரைமணி நேரத்தில் அவர்கள் அயர்ந்துவிடுவர், அல்லது ஒரு முகத்தைக் கண்டு கலங்கிப் பேச்சற்றுவிடுவர். அவர்கள் சொல்லும்போது அதையே கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டால், எழுத விட்டுப்போனதைப் பின்னர் நிரப்பலாம். அவ்வொலிப்பதிவும் காப்பகத்தில் சேரும்.

நாடாக்களை மாற்றும் வரிசையையும் இதற்கேற்பவே வகுத்துக்கொள்ள வேண்டும். மிகப் பழைய நாடாவே முதலில் என்று தொடங்குவோர் உண்டு. அதைவிட, வீட்டில் இன்றுள்ள மிக மூத்தவர் எந்த நாடாவிலுள்ள முகங்களை அதிகம் அறிவாரோ அந்த நாடாவை முதலில் எடுப்பது ஏற்றது. தட்டுகள் வாங்கும் மாதம் தள்ளிப்போனாலும் அந்த அமர்வைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஓடும் நிலையில் ஒரு டெக்கும் கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருந்தால் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.